அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா: "நீர்க்கட்டி" வேண்டாம், "சல்லடை" வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்பது உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் ஒரு புற்று. நம் அகராதியில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> "சுரப்பியொத்த நீர்க்கட்டிப் புற்று" என்றே வைக்கலாம், மூலச்சொல்லோடு பொருந்துகிறது.

பொருந்துகிறது, ஆனால் இதை நான் ஏற்கமாட்டேன். மும்பையில் வாய்த் திசு ஆய்வுதான் என் வேலை. தாராவி, சயான் பக்கமிருந்து வரும் நம்மவர்கள் ரிப்போர்ட்டை நீட்டி "தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். நீர்க்கட்டி என்று காதில் விழுந்தால் போதும், "அப்ப தண்ணிய எடுத்துட்டா சரியாயிடுமா?" என்று கேட்பார்கள். அண்ணத்தில் மெதுவாக வளரும் சின்ன வீக்கம்தானே, ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட அந்த ஒரு சொல்லே இடம் கொடுத்துவிடும். காதடியிலுள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. அண்ணத்துச் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வருபவற்றில் ஏறக்குறையப் பாதி புற்றுதான். அதிலும் இது நரம்பைப் பிடித்துக்கொண்டே மண்டையோட்டின் அடிவரை ஊரக்கூடியது, அறுவை முடிந்து 10 வருடம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும்.

நீர்க்கட்டி என்பது அறிவியல்படியும் சரியில்லை. ஸ்லைடில் பார்த்தால் கருத்த, கோணலான உட்கரு கொண்ட சின்னச் செல்கள் கூட்டமாக இருக்கும், நடுநடுவே வட்ட வட்டமாகத் துளைகள், துளைக்குள் வெளிர்நீலக் கூழ். அவை உண்மையான பைகளே அல்ல, வெளியிலுள்ள இணைப்புத் திசுவோடு தொடர்புள்ள இடைவெளிகள். அச்சு அசல் சல்லடை. அதனால் என் பரிந்துரை: சல்லடைச் சுரப்பிப்புற்று. 19ஆம் நூற்றாண்டில் அறுவை மருத்துவர் பில்ரோத் இதற்குச் சிலிண்ட்ரோமா (உருளைக் கட்டி) என்று பேர் வைத்ததும் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தை வைத்துத்தான்.

> சல்லடை அமைப்பு மற்ற கட்டிகளிலும் வருமே?

வரும். பாலிமார்ஃபஸ் அடினோகார்சினோமா என்ற இன்னொரு உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றும் அண்ணத்தில் அதிகம் வருவது, அதிலும் சல்லடை உண்டு, நரம்பைச் சுற்றும் பழக்கமும் உண்டு. மேலாகக் கிள்ளியெடுத்த துணுக்கு பயாப்ஸி வந்தால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. பாலிமார்ஃபஸில் உட்கரு வெளிறி ஒரே மாதிரி இருக்கும், வழக்கமாக பி63 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏறும், பி40 என்ற புரதத்துக்கானது ஏறாது; நம்முடையதில் இரண்டும் ஏறும், பலவற்றில் எம்ஒய்பி (MYB) என்ற மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட இணைவும் கிடைக்கும். ஆக, நோயைப் பிரித்துச் சொல்வது சாயமும் மரபணுவும் செய்கிற வேலை, அதைப் பெயர் மேல் ஏற்ற வேண்டாம். துளையே இல்லாத திண்ம வகைக்கும் இதே பெயரா என்றால், கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆங்கிலப் பெயரிலும் அதே இடி இருக்கிறது.

அப்புறம், நரம்பைச் சுற்றி இது பரவுவதற்கு "நரம்புவழிப் படர்வு" என்று போடலாமா? "ஊடுருவல்" என்றால் நரம்பைத் துளைத்து உள்ளே போனது மட்டும்தான் கணக்கு என்று ஆகிவிடும், சுற்றிப் படர்வதும் இதில் சேர்த்தி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அகராதிப் பதிவில் சல்லடைச் சுரப்பிப்புற்று, நரம்புவழிப் படர்வு இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.