லூயிஸும் போவும் 1993 இல் மோதியிருந்தால்?

முறிகண்டியான்:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில பெடியளுக்குக் குத்துச்சண்டை பழக்கிற இடத்தில இந்த வாதம் ஒரு கிழமையா ஓயேல்லை. ஹெவிவெயிட் (ஆகக் கூடின எடைப் பிரிவு) குத்துச்சண்டைக்காரர் லெனொக்ஸ் லூயிஸும் ரிடிக் போவும் தொழில்முறையில ஒருநாளும் மோதேல்லை. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில மட்டும் சந்திச்சவை, லூயிஸ் இரண்டாம் சுற்றிலயே முடிச்சார். 1992 நவம்பரில போவ் அப்பத்தைய சம்பியன் ஹோலிஃபீல்டை வெண்டு உலகப் பட்டங்களை எடுத்தவர். அடுத்தது லூயிஸ் எண்டுதான் எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தது. ஆனா டிசம்பரில லண்டனில போவ் அந்தப் பட்டங்களில ஒண்டான WBC இன்ர பச்சைப் பட்டியைக் குப்பை வாளிக்குள்ள போட்டுட்டு விலகிட்டார்.

1993 தொடக்கத்தில, 12 சுற்று வைச்சிருந்தா ஆர் வெண்டிருப்பினம்? "சியோல்" எண்டு ஒரு சொல்லில முடிக்காமல் நுட்பத்தோட சொல்லுங்கோ. பெடியளுக்கு இதில இருந்து என்ன பழக்கலாம் எண்டும் சொன்னா நல்லது.

கனகராயன்:

என்ர பக்கம் போவ்தான்.

சியோல் எந்த விதியில நடந்தது எண்டு முதல்ல பாருங்கோ. மூண்டு நிமிசப்படி மூண்டு சுற்று, தலைக்கவசம். குத்து உறைப்பா விழுந்தா ஆள் விழாட்டிலும் மத்தியஸ்தர் நிக்கவைச்சு எட்டு எண்ணுவார். அப்பிடி எண்ணித்தான் போவை நிப்பாட்டினது. அப்ப அவருக்கு 21 வயது, லூயிஸுக்கு 23. கூடினது 9 நிமிசம் ஓடுற ஆட்டத்தில கிட்டப் போய் உடம்பை உடைக்க நேரம் கிடைக்காது. போவின்ர பலம் முழுக்க அங்கதான் இருக்கு.

ரெண்டு பேரும் 6 அடி 5 அங்குலம். ரெண்டு கையையும் விரிச்ச நீளம் லூயிஸுக்கு 84 அங்குலம், போவுக்கு 81. அந்த மூண்டு அங்குலம் ஜாப் (முன்னுக்கு நிக்கிற கையால நேரா விடுற குத்து) அடிக்கிறவனுக்குத்தான் உதவும். அந்தக் காலத்து லூயிஸ் இடக்கையால தூரத்தை அளந்துபோட்டு வலக்கைக்குக் காத்துக்கொண்டு நிப்பார். 1992 ஒக்ரோபர் 31 இல ருடொக்கை ரெண்டு சுற்றில முடிச்சதும் அந்த வலக்கைதான். பயங்கரமான கை, மறுக்கேல்லை. ஆனா அது போகேக்க இடக்கை இடுப்பு மட்டத்துக்கு இறங்கும்.

போவ் எடி ஃபட்சிட்டப் பழகினவர். பழைய சம்பியன்கள் ஃபிரேசியர், கென் நோட்டன் ரெண்டு பேரோடயும் வேலை செய்த அதே மனிசன். போவ் கிட்ட நிண்டு அடிக்கிறதைக் கவனிச்சுப் பாருங்கோ. நெற்றி எதிராளியின்ர தோளில இருக்கும், முழங்கால் மடிஞ்சிருக்கும். இடக்கை விலாவுக்குப் போகும், அதே கை திரும்பாமல் நாடிக்கு ஏறும், அதுக்குப் பின்னால வலக்கை அப்பர்கட் (கீழ இருந்து மேல ஏறுற குத்து) வரும். அந்த உயரத்தில ஒருத்தன் அவ்வளவு சின்ன இடத்துக்குள்ள கை வீசிறதை நான் வேற ஆரிட்டயும் காணேல்லை. போவ், புள்ளி அடிப்படையில.

பாலைப்பழம்:

கனகராயன் அண்ணை, கிட்டப் போனால் போவ் கெட்டிக்காரர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எப்படிக் கிட்டப் போவார்? ஹோலிஃபீல்ட் தானாக வந்து நெஞ்சோடு நெஞ்சு நின்றார். போவ் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. லூயிஸ் அப்படி வந்து நிற்கிற ஆள் இல்லை.

நடு இடத்தில் நிற்கும்போது போவின் தலை அசையாது. ஜாப் அடித்த கை வந்த வழியே முகத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தாழ்ந்து வரும். அன்ட்ரூ கொலோட்டா 1996 இல் போவோடு மோதிய இரண்டு தடவையும் அந்த இடைவெளிக்குள்தான் அடித்தார். ஜூலையில் ஏழாம் சுற்றிலும் டிசம்பரில் ஒன்பதாம் சுற்றிலும் இடுப்புக்குக் கீழே அடித்துத் தகுதியிழந்தார், ஆனால் இரண்டிலும் புள்ளியில் முன்னுக்கு நின்றவர் கொலோட்டாதான். அதே கொலோட்டாவை 1997 ஒக்ரோபரில் லூயிஸ் 95 விநாடியில் முடித்தார்.

கனகராயன்:

தம்பி, 1996 போவைக் கொண்டுவந்து 1993 போவுக்குப் பக்கத்தில நிப்பாட்டாதேங்கோ. ஹோலிஃபீல்டோட முதலாவதில போவ் 235 இறாத்தல், அதாவது 106 கிலோ சொச்சம். கிட்டத்தட்ட ஒரு வருசத்தில ரெண்டாவது மோதலுக்கு 246 இல ஏறித் தோத்தவர். கொலோட்டாவோட முதல் தடவை 252. அந்த வருசக் கடைசியில திரும்ப 235 க்கு இறக்கியும் உதவேல்லை, ஏனெண்டா அதுக்குள்ள உடம்பு அடி வாங்கிக் களைச்சுப் போச்சு. எடை இறங்கினா கால் திரும்பி வரும் எண்டில்லை.

"இன்னார் இன்னாரை வெண்டார்" எண்ட கணக்கும் பிழைக்கும். ரொனி ரக்கரை போவ் 1991 இல புள்ளியில வெண்டவர், லூயிஸ் 1993 இல ரெண்டு தரம் விழுத்தி வெண்டவர். ஆனா ரக்கருக்கு ரெண்டு வயசு கூடிப்போச்சு.

மற்றது, 1994 செப்டெம்பரில மக்கோல் லூயிஸை ரெண்டாம் சுற்றில விழுத்தினதைப் பாருங்கோ. ரெண்டு வலக்கையும் ஒரே நேரத்தில கிளம்பினது. லூயிஸின்ர இடக்கை கீழ நிண்டது, மக்கோலின்ர கை முந்திப் போய்ச் சேந்தது. அண்டைக்கு மக்கோலைப் பழக்கின இமானுவல் ஸ்டூவர்ட்தான் பிறகு லூயிஸைப் பொறுப்பெடுத்து, அந்த ஓட்டையை அடைச்சு, ஜாப்பை ஆயுதமாக்கினது. 1993 இல ஸ்டூவர்ட் லூயிஸின்ர பயிற்சியாளரா இல்லை. அந்த ஓட்டை திறந்துதான் கிடந்தது.

பாலைப்பழம்:

ஸ்டூவர்ட் பற்றிச் சொன்னது நியாயம். 1996 மே மாதம் ரே மேர்சர் ஜாப்பால் லூயிஸை எவ்வளவு கஷ்டப்படுத்தினார் என்பதும் நினைவிருக்கிறது, பெரும்பான்மைத் தீர்ப்பில்தான் தப்பினார். இருந்தாலும் போவ் உள்ளே நுழைகிற அந்த ஒரு அடியில் லூயிஸின் வலக்கையை ஒரு தடவையாவது வாங்கியே ஆகவேண்டும். எனக்கு லூயிஸ், ஏழாம் சுற்றுக்குள்.

இடக்கையன்:

முறிகண்டியான் கேட்ட ரெண்டாவது விசயத்துக்கு ஒருத்தரும் வரேல்லை. அதுதான் பெடியளுக்குத் தேவை.

உயரமான ஆளின்ர ஜாப்புக்குள்ள நுழையிறதைப் பழக்க, ரெண்டு மரத்துக்கு நடுவில 4, 5 மீற்றர் தும்புக் கயிறு கட்டுங்கோ, பெடியன்ர தோள் மட்டத்தில. கயிற்றுக்குக் கீழால இடம் வலமாத் தலையை மாத்தி மாத்தி முன்னுக்குப் போய், அதே மாதிரிப் பின்னுக்கு வரவேணும். ரெண்டு நிமிசம், ஒரு நிமிசம் ஓய்வு, மூண்டு தரம். எல்லாரும் விடுற பிழை முழங்காலை மடிக்காமல் இடுப்பை வளைச்சு நிலத்தைப் பாக்கிறது. அப்பிடிக் குனிஞ்சா அப்பர்கட்டுக்கு முகத்தைக் குடுத்த மாதிரி. கண் எதிராளியின்ர நெஞ்சில நிக்கோணும்.

அடுத்தது, வாற ஜாப்பை வலது உள்ளங்கையால பிடிச்சு, அதே கணத்தில உங்கட ஜாப்பை விடுறது. கை நாடியில இருந்து நாலு விரல் தூரத்துக்கு மேல போகக்கூடாது. எட்டிப் பிடிக்கப் போனா நாடி திறக்கும், ஜாப்புக்குப் பின்னால வாற வலக்கை அங்கதான் விழும்.

லூயிஸ் விட்ட பிழையைத் திருத்த, இடது கக்கத்துக்குள்ள ஒரு சின்னத் துவாயைச் செருகிட்டுத் தனி வலக்கை மட்டும் 50 தரம் அடிக்க விடுங்கோ. துவாய் விழுந்தா இடது முழங்கை உடம்பை விட்டு விலகிட்டுது எண்டு அர்த்தம். ஜாப்போட சேத்துச் செய்யாதேங்கோ, கை நீளேக்க துவாய் எப்பிடியும் விழும், பெடியன் குழம்பிடுவான்.

சோடிப் பயிற்சிக்கு 16 அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம், பல் காப்பு கட்டாயம். 5 கிலோவுக்கு மேல எடை வித்தியாசம் உள்ளவங்களைச் சேக்காதேங்கோ.

முறிகண்டியான்:

நன்றி அண்ணை. எங்கட பை உரப்பைக்குள்ள மணல் போட்டது. பெடியளுக்கு மணிக்கட்டு நோகுது. என்ன செய்யலாம்?

இடக்கையன்:

மணலைக் கொட்டுங்கோ. அடிக்க அடிக்க மணல் கீழ இறங்கி அடிப்பக்கம் கல்லு மாதிரி ஆகிடும். விலாவுக்கு அடிக்கப் பழகிற உயரம் அதுதான், அதாலதான் மணிக்கட்டு போகுது. கிழிஞ்ச சீலை, சாரத் துண்டுகளை இறுக்கி அடையுங்கோ, இடைவெளிக்கு நெல்லு மில்லில உமி எடுத்துப் போடலாம். எடை காணாட்டி மணலைச் சின்னச் சின்னப் பையாக் கட்டி நடுவில மட்டும் வையுங்கோ, ஓரத்துக்கு வரவிடாதேங்கோ. அடிக்கிறவன்ர எடையில பாதி காணும். உமி ஈரம் இழுக்கும், மாரி தொடங்க முதல் கழட்டி உள்ளுக்கு வையுங்கோ.

போவா லூயிஸா எண்டதுக்கும் ஒண்டு சொல்லுறன். 1992 மோதலின்ர பத்தாம் சுற்றைச் சத்தத்தை நிப்பாட்டிட்டுப் பெடியளுக்குப் போட்டுக் காட்டுங்கோ. போவ் தொடக்கத்தில ஹோலிஃபீல்டைத் தள்ளாட விட்டு முடிக்கப் பாத்தவர். கை ஓய்ஞ்ச உடன ஹோலிஃபீல்ட் திருப்பி அடிச்சு அந்தச் சுற்றின்ர கடைசிப் பகுதியைத் தன்ர பக்கம் எடுத்திட்டார். 95 கிலோவும் இல்லாத ஆள் அந்த இடைவெளியில அவ்வளவு செய்தவர். லூயிஸ் அங்க நிண்டிருந்தா எண்டு யோசிச்சுத்தான் நான் இன்னும் பாலைப்பழத்தின்ர பக்கம் கொஞ்சம் சாயிறன்.