திருவிழாக் கணக்கில் கை வைத்தவருக்கு மன்னிப்பு மட்டும் போதுமா?

உபதேசியார் பேரன்:
எங்க கத்தோலிக்கப் பங்கின் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோவில் சமூகம்) கூட்டம். திருவிழா ரசீதுப் புத்தகம் மேசையில் கிடக்கிறது, தொகை இடிக்கிறது. பொருளாளர் எழுந்து, "குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு, ஆண்டவரே மன்னிச்சிட்டார், கேட்க நீங்க யாரு?" என்றார். பங்குச்சாமி, அதான் எங்க குரு, வாயே திறக்கலை. அந்த மௌனம்தான் உறுத்துது. இரக்கம்னா பூசி மெழுகுறதா?

கோவில்பிள்ளை:
சாமியைக் குறை சொல்லும் முன் திருச்சபைச் சட்டம் 984ஐப் பாருங்க. கேட்ட பாவத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிற 983 எல்லாருக்கும் தெரியும். 984 அதுக்கு மேல போகுது: பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வைத்து நிர்வாக முடிவே எடுக்கக் கூடாது. அவர் இந்தச் சாமியிடமே சொல்லியிருந்தா, அதைக் காரணமா வைத்துப் பதவியை விட்டு இறக்க முடியாது. ரசீதை வைத்து இறக்கலாம். அந்த ரசீதை எடுத்து நீட்ட வேண்டியது பங்கின் நிதிக்குழு. 537ஆம் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தாகணும்.

மறைக்கல்வி ஆசிரியை:
கோவில்பிள்ளை அண்ணன் பாதியில் விட்டுட்டார். மன்னிப்பு கிடைச்சதும் பணம் அவருடையதாகிடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண் திருடியதைத் திருப்பிக் கொடுக்கணும்னு நேராவே சொல்லுது. உடனே முடியாதவர் தவணையில் கட்டலாம். உண்மையா மனம் வருந்தி, கொடுக்கிறேன் என்பவருக்கு அன்றைக்கே மன்னிப்பு உண்டு. கையில் பணம் இருந்தும் தரமாட்டேன் என்றால் அந்த மனவருத்தமே சந்தேகம்.

பலர் தவறுவது அடுத்த படியில். கடைக்காரரிடம் எடுத்ததை அந்தோணியார் உண்டியலில் போட்டுட்டு நிம்மதியாகிடுறாங்க. பணம் உரியவருக்கே போகணும், அவர் இறந்திருந்தா வாரிசுக்கு. யாருடையதுன்னே தெரியலைன்னாதான் ஏழைகளுக்கு. பெயர் வெளிவரக் கூடாதுன்னா குருவானவர் வழியா அனுப்பலாம்.

பூசைமணி:
எல்லாம் சரி, பேரன் தம்பி. கூட்டத்தில் இதை எழுப்பும் முன் யாராவது பொருளாளரைத் தனியாப் பார்த்தாங்களா? மத்தேயு 18:15 முதலில் தனியா, பிறகு ஒன்றிரண்டு பேரோட, அப்புறம்தான் சபையில் என்கிறது. முதல் படியைத் தாண்டினா மனுஷன் தன்மானத்தைக் காப்பாத்தத்தான் பேசுவான்.

அதுக்காகத் தனியாவே பேசிப் பேசி வருஷத்தை ஓட்டவும் வேண்டாம். 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட திருச்சபைத் தண்டனைச் சட்டத்தில் திருச்சபைச் சொத்தைத் திருடுவது 1376இல் தனிக் குற்றம். ஆயர் தண்டனை கொடுத்திருந்தால், இழப்பை ஈடுசெய்யாம அதை நீக்கக் கூடாது என்கிறது 1361. பணத்தை வாங்கும்போதும் கவனம்: இரண்டு பேர் எண்ணணும், தேதி போடணும், திருவிழாக் கணக்கிலேயே வரவு வைக்கணும். ரசீதில் "நன்கொடை"ன்னு எழுதாதீங்க, "திருப்பிச் செலுத்தியது"ன்னு எழுதுங்க. இல்லைன்னா ஆண்டுக் கணக்கு வாசிக்கும்போது அவருக்கே பொன்னாடை போர்த்த வேண்டி வரும்.