போலரைசேஷன் குடுத்தும் இடது வலது வித்தியாசமே வரலைங்க, உதவுங்க

கோபிப்பொண்ணு:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுங்க. எலெக்ட்ரான் பீமை ஒருக்கா இடதுபக்கம், ஒருக்கா வலதுபக்கம் போலரைஸ் பண்ணி (துகளோட சுழற்சிய ஒரே பக்கமாத் திருப்பி) கம்ப்யூட்டர் கணக்குல பாசிட்ரான்கூட மோத விட்டேன். மோதல் நடக்கற வாய்ப்பச் சொல்ற ரெண்டு கிராஸ் செக்‌ஷனும் ஒரே மாதிரி வருது. மூணு நாளா இதே கதி. திங்கக்கெழமை ரிவ்யூ. ஆராச்சும் சொல்லுங்க.

நொய்யல்கரை:
எந்த மென்பொருள்? ஆற்றல் எவ்வளவு? என்ன துகள் வெளிய வருது? மின்காந்த விசைக்கு இடது வலது பேதமே கெடையாது. ஆற்றல் 10 ஜி.இ.வி. (துகள் ஆற்றலோட அலகு) மாதிரி கம்மியா இருந்தா வித்தியாசம் கண்ணுக்கே படாதுங்க.

கோபிப்பொண்ணு:
மேட்கிராஃப். 91.19 ஜி.இ.வி., இடது வலது பேதம் பாக்கற பலவீன விசையச் சுமக்கற இசட் துகள் உருவாகற ஆற்றல். வெளிய வர்றது மியூவான் ஜோடி.

திருப்பூர்முறுக்கு:
பனியன் துணிய ஒரே முறுக்கு நூல்ல ஓட்டுனா ஒரு பக்கமா சாயும். எஸ் முறுக்கும் இசட் முறுக்கும் மாத்தி மாத்தி விட்டா சாயாது. உங்க பீம்லயும் ரெண்டும் பாதிக்குப்பாதி கலந்திருக்குதுங்க. பாசிட்ரானையும் போலரைஸ் பண்ணிப் பாருங்க.

பேரூர்வாத்தியார்:
பாசிட்ரானைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் எஸ்.எல்.டி. குழு எலெக்ட்ரானை மட்டுமே போலரைஸ் செய்தது. கடைசி வருடங்களில் முக்கால் பங்கு அளவுக்கு. இடது வலது வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, முழு போலரைசேஷனுக்கு மாற்றினால் கிடைத்த விடை 0.151. அடிப்படையைப் படிக்காமல் மென்பொருளைத் தொட்டால் இப்படித்தான் ஆகும். மென்பொருளுக்கு அமைப்புகளைக் கொடுக்கும் ரன் கார்டில் என்ன எழுதினீர்கள்?

கோபிப்பொண்ணு:
முதல் பீமோட போலரைசேஷன் போடற போல்பீம்1ல 0.8, அப்பறம் -0.8. அது சரியாத்தான் இருக்குதுங்க சார்.

நொய்யல்கரை:
அங்கதான் சிக்கல் கண்ணு! அந்த எடத்துல சதவீதம் போடோணும், -100ல இருந்து 100 வரைக்கும். நீ குடுத்தது 0.8 சதவீதம். 0.15 வர வேண்டிய எடத்துல 0.0012தான் வரும், கணக்கோட புள்ளியியல் பிழையே அதை மூடிரும். 80, -80னு போடு.
முறுக்கண்ணன் சொன்ன பாதிக்குப்பாதி சரிதான், காரணம்தான் வேற.

திருப்பூர்முறுக்கு:
அந்த 0.151ஐ எப்படி நம்பறதுங்க? ஐரோப்பாவோட லெப் மோதல் எந்திரத்துல 1.7 கோடி இசட் துகள் பாத்தாங்க, எஸ்.எல்.டி.ல ஆறு லட்சம்தானே?

பேரூர்வாத்தியார்:
பீம் போலரைஸ் ஆனதால்தான் ஆறு லட்சமே போதுமானதாயிற்று. அதிலிருந்து, மின்காந்த விசையும் பலவீன விசையும் கலக்கும் அளவைச் சொல்லும் வெயின்பெர்க் கோணத்தின் சைன் வர்க்கம் 0.2310 என்று வந்தது.

நொய்யல்கரை:
லெப்ல பாட்டம் குவார்க்குங்கற துகள வெச்சுப் பாத்தப்ப 0.2322ன்னு வந்துச்சுங்களே சார். மூணு சிக்மா எடவெளி, அதாவது அளவுப் பிழையப் போல மூணு மடங்கு. தெரியாத கனமான துகள் ஏதோ இழுக்குதுன்னு எனக்குத் தோணுது.

பேரூர்வாத்தியார்:
மூன்று சிக்மாவை வைத்துக்கொண்டு புதுத் துகள் பேசக்கூடாது. இரண்டில் ஒன்று தவறாக அளக்கப்பட்டிருக்கலாம்.

நொய்யல்கரை:
எது தப்புன்னு இன்னும் ஆரும் காட்டலைங்களே.

கோபிப்பொண்ணு:
80 போட்டதும் 0.176 வந்துருச்சுங்க! ரொம்ப நன்றிங்கணா.

பேரூர்வாத்தியார்:
நில்லுங்கள். போலரைசேஷன் 80 சதவீதம்தான் என்பதால் அதை 0.8ஆல் வகுக்க வேண்டும். 0.22 ஆகிறது, 0.15 அல்ல. துகள் நிறைகள் இருக்கும் பாரம் கார்டில் டபிள்யூ துகளின் நிறை 80.419 என்று இருக்கிறதா? அப்படியானால் சைன் வர்க்கம் 0.222 ஆகிவிடும். அது 0.25இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் இந்த விடையைத் தீர்மானிக்கிறது. நூலளவு நகர்ந்தாலும் விடை வெகுவாக மாறும். ரிவ்யூவுக்கு முன்னால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
ரெண்டு வாரம் ஆச்சு. ரிவ்யூ என்னாச்சு கண்ணு?