லிஸ்பனில் அம்மாவின் குசினி

போன வருசம் சித்திரையில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்து என்னோடு நின்றா. கிடைத்த விசாவிலேயே போர்த்துக்கலுக்கும் போகலாம் என்பதால் ஐந்து நாள் லிஸ்பனுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம் வேறு. லிஸ்பனோ மேடும் பள்ளமுமான ஊர். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நடைபாதைகளில் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் காலடி பட்டுப் பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன, தூறல் விழுந்தால் வழுக்கும். முதல் நாளே அம்மாவின் செருப்பு இரண்டு தரம் சறுக்கியது.

வேறு ஏதாவது வாங்கிக் கொடுப்போம் என்று கீழே பைஷா என்ற கடைத்தெருப் பக்கம் இறங்கினோம். ஒரு கடைப் பலகையில் 'சப்பத்தரியா' என்று இருந்தது. அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "சப்பாத்துக் கடையோ பிள்ளை?" என்று கேட்டா. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய்த் தன் காலைக் காட்டி, "சப்பாத்து" என்றா. கடைக்காரப் பெண் தலையாட்டி, "சப்பாத்து, சிம், சிம்" என்றபடி பெட்டிகளை எடுக்கத் தொடங்கினாள். அவர்கள் எழுத்தில் அந்தச் சொல் 'ஓ' என்று முடிகிறது. லிஸ்பன்காரர் வாயிலோ அது 'உ' ஆகிவிடுகிறது. அதனால் எங்கள் ஊர் உச்சரிப்பாகவே காதில் விழுந்தது.

"இவவுக்கு எப்பிடிப் பிள்ளை எங்கட சொல்லுத் தெரியும்?"

எங்கட சொல் இல்லை அம்மா, அவர்களுடையதுதான் எங்களிடம் வந்தது என்றேன். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் ஆண்டதை இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். அது இப்படிக் காலில் வந்து மாட்டும் என்று நினைத்ததில்லை.

நாங்கள் தங்கியது அல்ஃபாமாவில், ஒரு கிழவி தன் வீட்டில் வாடகைக்கு விடும் அறையில். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் லிஸ்பனை நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பின் கடல் ஏறி வந்தது, நாட்கணக்கில் நெருப்பு எரிந்தது. பைஷாவை நேர்த் தெருக்களாகப் புதிதாகக் கட்டினார்கள். அல்ஃபாமாவின் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன, இன்றும் அவை பழைய வளைவுகளோடுதான் கிடக்கின்றன. சலவைத் துணி தலைக்கு மேல் தொங்கும், மீன் பொரிக்கும் மணம் வரும்.

அன்று பின்னேரம் அம்மா புதுச் சப்பாத்தைக் காட்டிப் பெயரைச் சொல்ல, அந்தக் கிழவிக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்து வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தா. ஒன்றைத் தொட்டு அவ பெயர் சொல்ல, அம்மா எங்கள் பெயரைச் சொல்லுவா. ஜனேலா, யன்னல். கதெய்ரா, கதிரை. அர்மாரியு, அலுமாரி. துவால்யா, துவாய். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி லென்சு என்றா. அம்மா தன்னுடையதை எடுத்து லேஞ்சி என்றா. கோப்பைக்குக் கீழிருந்த பீரிசைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் பெயர் சொன்னபோது கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அடுப்படி வாசலில் நின்று, "குசீன்யா." அம்மா பெருமையோடு, "குசினி!"

பிறகு படுக்கையில் கிடந்துகொண்டு அம்மா எண்ணிப் பார்த்தா. "அடுப்பு எங்கட. அம்மி எங்கட. சட்டி, அகப்பை எல்லாம் எங்கட. இருக்கிறதுக்கும் உடுக்கிறதுக்கும்தான் அவங்களிட்ட எடுத்திருக்கிறம்." பாணைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டா, அடுத்த நாள் காலை பேக்கரியில் அதுவும் சேர்ந்தது.

இருபத்தெட்டாம் இலக்க ட்ராமில் ஏற முடியாத நெரிசல். விட்டுவிட்டோம், அதற்காக வருந்தவில்லை. அந்த நேரத்தில் கார்மோ மடத்துக்குப் போனோம். நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயம் அது. கூரை போடாமல் வளைவுகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள், மேலே வெறும் வானம். மற்றவர்கள் படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். அம்மா ஒரு மணித்தியாலம் இருந்தா. "இடம்பெயர்ந்து திரும்பிப் போகேக்க எங்கட வீடும் இப்பிடித்தான் நிண்டது" என்றா. லிஸ்பனில் நீங்கள் ஓரிடம்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

நான்காம் நாள் பெலெம். ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில், வாசலுக்குக் கிட்டவே வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1524இல் கொச்சியில் இறந்த மனிதரைப் பின்னர் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லில் கப்பல் செதுக்கியிருக்கிறது. அம்மா அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றா. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் முருகனைக் கும்பிடாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் விடாதவ.

"நல்லூரை இடிச்சதும் இவங்கட ஆக்கள்தானே?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? இவருக்கு நூறு வருசத்துக்குப் பிறகு வந்தவர்கள் என்று வரலாறு பிரித்துச் சொல்லலாம், அம்மாவின் கேள்வி அதுவல்ல. அவ கும்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

வெளியே வந்து, 1837 முதல் நடக்கும் அந்தப் பெயர்போன கடையில் முட்டைக் கஸ்டர்ட் பணியாரம் வாங்கினோம். மேலே தூவக் கறுவாத்தூள் கொடுத்தார்கள். அம்மா மணந்து பார்த்துவிட்டு, "இதுக்காகத்தானே வந்தவங்கள்" என்றா. பிறகு தாராளமாகத் தூவிச் சாப்பிட்டா. இன்னொன்றும் கேட்டா.

கிழவியிடம் நல்லூர்க் கதையைச் சொல்லட்டா என்று அன்றிரவு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ என்ன செய்வா, பாவம்" என்றா.

வெளிக்கிடும் காலை கிழவி வாசலில் கையை நீட்டி, "ஷாவ்?" என்றா. தமிழ்நாட்டில் சொல்லும் சாவி அங்கிருந்துதான் வந்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல் இல்லை. அம்மா அதை அவவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, மெதுவாகச் சொல்லிக்கொடுத்தா.

"திறப்பு."

"திரப்பு" என்றா கிழவி.

"ற. ற. திறப்பு."