நோய் எதிர்ப்பியலிலிருந்து இனப்பெருக்க மரபியலுக்கு: ஒரு கணினி உயிரியலாளர் துறை மாறலாமா?

டிசெல்_மாணவர்:
வணக்கம். நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் அயல் பொருளை இனங்காணப் பயன்படுத்தும் ஏற்பிகளின் மரபணு வரிசைத் தரவுகளைக் கணினி வழியே பகுத்தாராய்வதே என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வேடு முடியும் தறுவாயில் இருக்கிறது. கருப்பைச் சுவரும் நஞ்சுக்கொடியும் சந்திக்கும் திசுவில் செல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பெறும் ஒற்றைச்செல் தரவுகளையும், தாய், சேய் இருவரின் மரபணு வகைகளையும் ஆராயும் குழு ஒன்று முதுமுனைவர் ஆய்வாளராகச் சேரும்படி என்னை அழைத்திருக்கிறது. பணியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஆனால் இதுவரை கற்றது பயன்படாமல் போய்விடுமோ, பின்னாளில் நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது இரு துறையினரும் என்னைத் தங்களைச் சேராதவராகக் கருதிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. இவ்விரு துறைகளுக்கும் இடையே பணியாற்றியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆறாம்_குரோமோசோம்:
இதை நான் துறை மாற்றமாகவே பார்க்கவில்லை. தந்தையின் மரபணுக்களில் பாதியைச் சுமக்கும் கருவைத் தாயின் உடல் ஏன் அயல் திசுவாக எண்ணி நிராகரிப்பதில்லை என்ற கேள்வியை 1953இல் எழுப்பியவர், நோய் எதிர்ப்பியலின் முன்னோடிகளில் ஒருவரான பீட்டர் மெடவார். நீங்கள் சேரப்போகும் குழு அந்தக் கேள்வியின் தொடர்ச்சியில்தான் நிற்கிறது.

எச்எல்ஏ என்பவை, ஒரு செல் நம்முடையதா அயலா என்பதை நோய் எதிர்ப்பு அமைப்புக்குக் காட்டும் மேற்பரப்பு மூலக்கூறுகள். கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும், கருவின் பக்கத்து நஞ்சுக்கொடிச் செல்களான ட்ரோபோபிளாஸ்ட் செல்கள், பெரும்பாலான செல்கள் காட்டும் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி மூலக்கூறுகளைத் தம் மேற்பரப்பில் காட்டுவதில்லை. எச்எல்ஏ-சி, எச்எல்ஏ-ஈ, எச்எல்ஏ-ஜி ஆகியவற்றைக் காட்டுகின்றன. இம்மூன்றில் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவது எச்எல்ஏ-சி. அதை இனங்காண்பவை தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த இயற்கைக் கொல்லிச் செல்களில் உள்ள கேஐஆர் எனும் ஏற்பிகள். எச்எல்ஏ மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமிலும் கேஐஆர் மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமிலும் இருப்பதால், இரண்டும் தனித்தனியே மரபுவழி வருகின்றன. அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதியதொரு இணை அமையக்கூடும். தூண்டும் வகைக் கேஐஆர் ஏற்பிகள் பெரும்பாலும் இல்லாத தாய்மார்கள் எச்எல்ஏ-சி2 எனும் எச்எல்ஏ-சி வகையைக் கொண்ட கருவைச் சுமக்கும்போது, கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் முன்சூல்வலிப்பு நோய்க்கான அபாயம் கூடுகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே சிக்கல் நிராகரிப்பு அன்று; கருப்பையின் தமனிகள் போதிய அளவு விரிவடையாமல் போவதே சிக்கல் என்று கருதப்படுகிறது. கொல்லி என்று பெயர் பெற்ற செல்கள் இந்தத் தமனி விரிவுக்குத் துணைநின்று கருவை வளர்க்க உதவுகின்றன என்பதே என்னை இத்துறையில் நிறுத்தி வைத்திருக்கிறது.

உங்கள் பயிற்சி நேரடியாகப் பயன்படும் இடமும் இதுவே. எச்எல்ஏ, கேஐஆர் பகுதிகளில் ஒன்றையொன்று ஒத்த மரபணுக்கள் நிறைந்திருப்பதால், குறுகிய வரிசைத் துண்டுகள் தவறான இடத்தில் பொருந்திவிடுகின்றன. வழக்கமான மென்பொருளை ஓட்டி வரும் முடிவை அப்படியே ஏற்பவர் இங்கு எளிதில் ஏமாறுவார். டி செல் ஏற்பி மரபணு ஒவ்வொரு டி செல்லிலும் வெட்டி ஒட்டப்பட்டு உருவாவதைக் கண்டு பழகிய நீங்களோ, ஒப்பிடுவதற்கு அடிப்படையாகக் கொள்ளும் மேற்கோள் மரபணுத்தொகையை அளவுக்கு மீறி நம்பமாட்டீர்கள்.

ஒடுக்கற்பிரிவு:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆனால் புதிதாகக் கற்க வேண்டியதும் குறைவன்று. உங்கள் மாதிரி ஒவ்வொன்றிலும் இரண்டு மனிதர்களின் மரபணுத்தொகைகள் கலந்திருக்கும். ஒய் குரோமோசோம் மரபணுக்களைக் கொண்டு கருவின் செல்லைப் பிரித்தறியும் வழி, கரு ஆணாக இருந்தால் மட்டுமே உதவும்; ஆகவே ஒற்றை எழுத்து மரபு வேறுபாடுகளைக் கொண்டு பிரிக்கப் பழகுங்கள். முதல் மூன்று மாத நஞ்சுக்கொடி குறித்து 2018இல் வெளிவந்த புகழ்பெற்ற ஒற்றைச்செல் ஆய்வு ஏறத்தாழ 70,000 செல்களை உள்ளடக்கியது. அந்த எண் பெரிதாகத் தோன்றினும், நோய்க்கும் மரபணு வகைக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல முனையும்போது கணக்கில் வருவது செல்களின் எண்ணிக்கை அன்று, கொடையாளர்களின் எண்ணிக்கை. ஒரே கொடையாளரின் ஆயிரம் செல்களை ஆயிரம் தனிச் சான்றுகளாகக் கொள்ளும் ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் வருவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மரபியல் பக்கத்தில், முட்டையும் விந்தும் உருவாகும் செல் பிரிவான ஒடுக்கற்பிரிவை ஆழமாகப் படியுங்கள். தாயின் வயது கூடும்போது முட்டையில் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைகள் கூடுகின்றன. தந்தையின் வயது கூடும்போது குழந்தையில் காணும் புதிய சடுதிமாற்றங்கள் கூடுகின்றன. ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 60 முதல் 70 வரையான புதிய மாற்றங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி தந்தை வழி வருவது. செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருவைக் கருப்பையில் வைக்கும் முன் செய்யும், கருப்பதியத்துக்கு முந்தைய மரபணுச் சோதனையைத் தொடுவீர்களானால் இன்னும் கவனம் தேவை. அங்கே சில செல்களின் டிஎன்ஏவைப் பெருக்கித்தான் முடிவு சொல்கிறார்கள். பெருக்கும்போது மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று விடுபட்டுப்போகலாம், எடுத்த செல்கள் முழுக் கருவையும் பிரதிபலிக்காமலும் இருக்கலாம். உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருப்பது, ஒரு தம்பதிக்கு அந்தக் கருவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு.

டிசெல்_மாணவர்:
இருவருக்கும் நன்றி. செல்களைப் பற்றிய எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டேன். குழுத் தலைவருடன் இறுதியாகப் பேசும்போது எவற்றையெல்லாம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்?

திறந்த_குறிப்பேடு:
மாதிரிகளைச் சேகரிப்பதற்கு முன்பே திட்டமிடலில் உங்களுக்கு இடம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். நோயுற்றவர்களின் மாதிரிகள் எல்லாம் ஒரு தொகுதியாகவும், நலமானவர்களுடையவை எல்லாம் வேறொரு தொகுதியாகவும் ஆய்வகத்தில் கையாளப்பட்டுவிட்டால், பிறகு எந்தப் புள்ளியியல் திருத்தமும் அந்த வேறுபாட்டை நோயிலிருந்து பிரித்துத் தராது. தரவு கைக்கு வந்த பின்னரே கணினி உயிரியலாளரை அழைக்கும் குழுவில், எவ்வளவு திறமையானவரும் பழுது பார்ப்பவராகவே நின்றுவிடுவார்.

கட்டுரைகளில் முதல் ஆசிரியர் இடம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். பதவித் தேர்வில், எத்தனை பேருக்குப் பகுப்பாய்வு செய்து கொடுத்தீர்கள் என்பதைவிட, உங்களுடையது என்று சொல்லத்தக்க கேள்வி எது என்பதற்கே மதிப்பு அதிகம். தாயின் ஏற்பி வகையும் கருவின் எச்எல்ஏ வகையும் சேர்ந்து செல்களின் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்பது போன்ற ஒன்றைத் தொடக்கத்திலேயே உங்களுக்கென ஒதுக்கித் தரச் சொல்லலாம். அதை இரு துறைத் தேர்வுக் குழுக்களும் தம்முடையதாகவே படிக்கும்.

தரவு அனுமதியைப் பற்றியும் விசாரியுங்கள். தாய், சேய் மரபணுத் தரவுகள் பெரும்பாலும் கட்டுப்படுத்தப்பட்ட அனுமதியின்கீழ் இருக்கும். கொடையாளர் ஒப்புதல் எந்த நோக்கத்துக்கு அளிக்கப்பட்டதோ அதற்கு வெளியே அவற்றைப் பயன்படுத்த இயலாது. குழுவை விட்டு வெளியேறிய பின்னும் உங்கள் ஆய்வைத் தொடர முடியுமா என்பதை எழுத்து வடிவில் பெற்ற பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.