ஏரிக்காற்றில் ஓசோன்: கரையோரம் வசிப்பவர்களின் அனுபவங்கள்

ஷெபாய்கன், விஸ்கான்சினிலிருந்து:

மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள இந்தச் சிற்றூருக்குக் குடிவந்தபோது, ஏரிக்காற்றைவிடத் தூய்மையான காற்று வேறில்லை என்றே நம்பியிருந்தேன். ஜூன் மாதத்தில் ஒருநாள், ஆஸ்துமா உள்ள மகளை ஊருக்குத் தெற்கேயுள்ள கோலர்-ஆண்ட்ரே பூங்காவின் மணற்கரைக்கு அழைத்துச் சென்றேன். நண்பகல்வரை தென்மேற்கிலிருந்து வெப்பமாக வீசிய காற்று சட்டெனத் திசைமாறி ஏரியிலிருந்து சில்லென்று வரத் தொடங்கியது. மணலில் விரித்திருந்த துணி மறுபக்கமாகப் புரண்டது. வானத்தில் புகைமூட்டம் துளியும் இல்லை. ஆயினும் ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்கு இருமல் வந்து இன்ஹேலரை எடுக்க நேர்ந்தது.

ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கேயுள்ள சிகாகோ, கேரி பகுதிகளின் வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் இரவிலும் அதிகாலையிலும் நிலக்காற்றோடு ஏரிக்குமேல் சென்றுவிடுகின்றன. கோடைத் தொடக்கத்தில் நீர் இன்னும் குளிர்ந்திருப்பதால், அதன்மேலுள்ள காற்று மேலெழும்பிக் கலைய வழியின்றித் தாழ்ந்த படலமாகத் தேங்கி, வெயில் ஏற ஏற அதற்குள், மூச்சுக்குழாயை உறுத்தி இருமலூட்டும் ஓசோன் வாயு உருவாகிறது. அதைத் தென்காற்று வடக்கே நகர்த்த, பிற்பகலில் ஏரிக்காற்று கரையேற்றுகிறது. 2017 மே, ஜூன் மாதங்களில் இதை ஆய்வாளர்கள் விமானங்களும் கப்பலும் கொண்டு ஆராய்ந்தார்கள். பூங்காவிலுள்ள ஓசோன் அளவுக்கருவியைவிட, கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் கருவி பெரும்பாலும் குறைவாகவே காட்டுகிறது. இத்தனைக்கும் எங்கள் ஊரில் நெரிசல் என்பதே அரிது!

ஸ்காபரோ, ஒன்ராறியோவிலிருந்து:

என் அனுபவம் சற்று வேறுபட்டது. எங்கள் வீடு 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே, ஒன்ராறியோ ஏரியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோடைக் காலையில் சமையலறை யன்னலைத் திறந்தால் மணம் எதுவும் வராது. ஏரிக்காற்று எங்களை எட்டும் பிற்பகலில் வாகனப் புகை நேரே உள்ளே வருகிறது. அது எட்டியதை வானமே காட்டிவிடும்: தெற்கே ஏரிப்பக்கம் வெறிச்சென்றிருக்க, வடக்கே பஞ்சுமேகங்கள் வரிசைகட்டி நிற்கும். ஆனால் நெடுஞ்சாலையோரத்தில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அழித்துவிடுவதால், எங்களுக்கு வருவது பெரும்பாலும் நைட்ரஜன் டையாக்சைடும் கரித்துகளும்தான். ஆகவே கைபேசியில் ஓசோன் அளவை மட்டும் பார்த்துவிட்டு யன்னலைத் திறப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஷெபாய்கனிலிருந்து மீண்டும்:

நாங்கள் இப்போது காலை பத்து மணிக்குள் கரைக்குப் போய்த் திரும்பிவிடுகிறோம். தென்காற்று வீசும் வெயில் நாள்களில், பிற்பகல் விளையாட்டு மேற்கே, ஏரியைவிட்டுத் தள்ளியுள்ள பூங்காவில்தான். மகளுக்கு அதில் இன்னும் வருத்தம்.