முறைப்பாடு கொடுத்தவளின் அடையாளம் வெளியே போகாமல் தடுக்க வழி என்ன?

சுன்னாகத்தான்: என் மச்சாள் மேலதிகாரியின் பாலியல் தொந்தரவு பற்றிப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தவள். ஒரு உள்ளூர்ச் செய்தித்தளம் பெயரை மட்டும் விட்டுவிட்டு வயது, கிராமம், எந்தத் திணைக்களம், எந்தப் பிரிவு என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டது, எங்கள் ஊரில் அதற்குப் பிறகு பெயர் எதற்கு? இப்போது யாரோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்ளக விசாரணை அறிக்கையையும் கேட்டிருக்கிறார்களாம்.

சட்டம்_படிப்பவள்: அண்ணா, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 365சி பிரிவைப் பாருங்கள், 1995 திருத்தத்தில் வந்தது. பெயர் மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது குற்றம், 345ஆம் பிரிவின் பாலியல் தொந்தரவும் அதற்குள் அடக்கம். இரண்டு வருடம் வரை சிறை. திகதியும் இணைப்பும் தெரிய இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழித்துவிட்டால் காட்ட ஒன்றுமிருக்காது.

கோண்டாவில்_வாசி: அறிக்கைக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2016இன் 12ஆம் இலக்கம்) 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தருகிறது, 6ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியை மட்டும் நீக்கி மிச்சத்தைக் கொடுக்கலாம். அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு இதை உடனே எழுத்தில் கொடுங்கள். பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்தால் போதாது, பதவி, இடமாற்றத் திகதி, சாட்சி சொன்ன தோழி எல்லாம் மறையவேண்டும். முழு அறிக்கையையும் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள், அது அந்த மேலதிகாரிக்குத்தான் வசதி.

நல்லூர்_அக்கா: தம்பி, எதையும் அனுப்ப முதல் மச்சாளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் கையெழுத்து அவளுடையதாக இருக்கட்டும்.